குடியும் கூலியும்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் வழிச்செல்வோர் தங்கிய வரலாறு

வீட்டு வாடகையைக் குறிக்கத் தமிழில் வழங்கிய பழைய சொற்களுள் குடிக்கூலி என்பது ஒன்று. வாடகை என்ற சொல் பெருவழக்குப் பெற்ற பின்னர் இச்சொல் பேச்சிலிருந்து மெல்ல விலகி அகராதிகளில் ஒதுங்கிவிட்டது. ஆயினும் அதன் அமைப்பு எண்ணிப் பார்க்கத்தக்கது. கூலி என்பது பெற்றதற்கு ஈடாகத் தரப்படுவது. குடி என்பதோ குடும்பம், குலம், ஊர், ஊரில் நிலைத்து வாழ்வோர் எனப் பல பொருள்களைத் தன்னுள் கொண்டது. குடிபுகுதல், குடியிருத்தல், குடிபெயர்தல், குடிமை ஆகிய சொற்களெல்லாம் அவ்வேரில் கிளைத்தவையே. சுவருக்கும் கூரைக்கும் மட்டுமன்றி, ஓர் ஊரில் சில காலம் குடியாக இருப்பதற்கும் சேர்த்துத் தரப்படும் ஈடே குடிக்கூலி என்று பொருள்கொள்ள இச்சொல் இடந்தருகிறது.

கட்டிலும் மெத்தையும், அடுப்பும் கலமும், மின்விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் உடன் அமைந்த வீட்டைச் சில நாட்களுக்கு மட்டும் எடுத்துத் தங்கும் வழக்கம் இன்று உலகின் பழம்பெரும் நகரங்கள் பலவற்றில் பரவியுள்ளது. கோட்டைத் தெருவிலும் கோயில் வீதியிலும் அமைந்த பழைய வீடுகளே இவ்வகையில் மிகுதியும் விரும்பப்படுகின்றன. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை இவ்வழக்கம் இன்னும் பெரிதாகத் தொடவில்லை. எனினும் 2004ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கங்கைகொண்ட சோழபுரம் இவ்வட்டாரத்தில்தான் உள்ளது. நாளை இங்கும் அவ்வழக்கம் வரக்கூடும். வழிச்செல்வோர்க்கு இம்மண் முன்னர் எவ்வாறு இடந்தந்தது, யார்க்குத் தந்தது, யார்க்கு மறுத்தது என்பவற்றை ஆராய்வது அதனால் பயனுடையதாகும்.

மாதரி தந்த சிற்றில்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். தொல்காப்பியம் புதுவதாகப் புனையப்படும் செய்யுள் வகைக்கு விருந்து என்றே பெயரிட்டது. முன்பின் அறியாத புதியவரே பண்டைத் தமிழரின் விருந்தினர். உறவினர் வருகையை விருந்தெனக் கொள்வது பின்னை வழக்கு. ஆற்றுப்படை நூல்கள் இப்புதியவர் செல்லும் வழியையும் தங்கும் இடங்களையும் ஊர் ஊராக எடுத்துரைப்பன. சிறுபாணாற்றுப்படையில் நெய்தல் நிலத்துப் பரதவரும், முல்லை நிலத்து எயினரும், மருத நிலத்து உழவரும் முறையே பாணர்க்கு உணவளித்து உபசரிப்பர். அந்நூலில் வழிச்செல்வோர்க்கு அறம் செய்பவர் மன்னன் மட்டுமல்லர். அவன் அரண்மனையை அடையும் வரை இடைவழியில் வாழும் குடிகளே அவ்வறத்தைச் செய்கின்றனர்.

பெருநகர் ஒன்றில் அயலூரார்க்கு வீடு தந்த செய்தியை விரிவாகச் சொல்வது சிலப்பதிகாரம். மதுரையின் மதிற்புறத்தே இருந்த புறஞ்சிறை மூதூர் துறவியர்க்கு உரிய இடம். இல்லறத்தார் அங்குத் தங்குதல் முறையன்று. நகருக்குள் இருக்கும் வணிகர் கோவலனின் குடிப்பெருமையை அறிந்தால் ஏற்றுக்கொள்வர். ஆயின் அதற்குச் சிறிது காலம் வேண்டும். அவ்விடைக்காலத்திற்காகவே கவுந்தியடிகள், இயக்கிக்குப் பால்மடை கொடுத்து மீண்ட ஆயர்குல முதுமகள் மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாகத் தருகிறார். அடைக்கலக் காதையின் செய்தி இது.

அடுத்துவரும் கொலைக்களக் காதையில் மாதரி தந்த வீட்டின் அமைப்பைக் காணலாம். தன் மனையோடு ஒட்டாமல் தனித்து நிற்பதும், செம்மண் பூசிப் பந்தலிட்டதும், காவல் உடையதுமான சிற்றில் அது. சமைக்க வேண்டிய கலங்களும், பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலியரிசி, பால்பயன் ஆகியவையும் அங்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. துணைக்கு மாதரியின் மகள் ஐயை உடனிருக்கிறாள். கோவலன் சாவக நோன்பினன் என்பதை அறிந்து அதற்கேற்ற உணவுப் பொருள்களைத் தரச் செய்தமை, வந்தவரின் ஒழுக்கத்தை மதித்த செயலாகும். வேண்டிய தட்டுமுட்டுகளுடன் சில நாட்களுக்கெனத் தரப்பட்ட வீடு என்ற அளவில், தமிழிலக்கியம் காட்டும் பழைய சான்றுகளுள் இதனை வைத்தெண்ணலாம்.

இங்கே கூலி என ஒன்றும் இல்லை. கூலியினும் கடுமையான ஒரு கட்டுப்பாடு உண்டு. கோவலன் கொலையுண்டதும் கண்ணகி நகரை எரியூட்டியதும் அறிந்த மாதரி, அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறினேன் என்று தீயில் வீழ்ந்த செய்தியை நீர்ப்படைக் காதையில் மாடலன் உரைக்கிறான். இடந்தந்தவர் தம் உயிரைப் பிணையாக வைத்த அறம் அது. அடைக்கலம் என்ற அச்சொல் அரியலூர் மாவட்டத்தில் இன்றும் வழங்குகிறது. கொள்ளிடத்தின் வடபால் உள்ள ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் எழுப்பிய கோயிலின் தலைவி அடைக்கல மாதா. அவ்வூரை அவர் திருக்காவலூர் என்று அழைத்தார். காப்பிய வழக்கில் பொருள் செறிந்த அடைக்கலம், காவல் என்னும் இரு சொற்களையும் இத்தாலி நாட்டிலிருந்து வந்த அவ்வறிஞர் தேர்ந்துகொண்டமை அவர்தம் தமிழறிவுக்குச் சான்று.

தலைநகரும் அதன் வீடுகளும்

காப்பியத்திலிருந்து கல்வெட்டுக்கு வரும்பொழுது வீடு பற்றிய செய்தி மேலும் திட்டவட்டமாகிறது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரியகோயிலுக்கெனப் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொணர்ந்து குடியமர்த்தினான். ஒவ்வொருவர்க்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல் தரும் ஒரு பங்கும் அளிக்கப்பட்டன. எந்தத் தெரு, அதன் எந்தச் சிறகு, தலைவீடா, இரண்டாம் வீடா என்றெல்லாம் கல்லில் வரிசையாக எழுதி வைத்தனர். தெருவின் ஒரு பக்கத்தைச் சிறகு என்ற அழகிய சொல்லால் குறித்த முகவரிப் பட்டியல் அது. வீட்டுக்கு உரியவர் இறந்தாலும் வெளியூர் சென்றாலும் அவர்க்கு நெருங்கிய உறவினருள் தகுதி உடையவர் அப்பங்கைப் பெற்று அப்பணியைச் செய்ய வேண்டும். வீடு, வருவாய், பணி மூன்றும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருந்தன. அந்நகரில் வீடு பெறுதல் என்பது ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்வதாகவும் இருந்தது.

அவன் மகன் முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்திற்கு மாற்றினான். சற்றேறக்குறைய இரண்டரை நூற்றாண்டுக் காலம் சோழப் பேரரசின் தலைநகராக விளங்கிய ஊர் அது. சோழகேரளன் திருமாளிகை என்ற அரண்மனையும், இராசராசன் பெருவழி, இராசேந்திரன் பெருவழி என்ற நெடுஞ்சாலைகளும் அங்கு இருந்தன. மாளிகைமேட்டில் நடந்த அகழாய்வுகளில் செங்கற் சுவர்களும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும், சீன நாட்டுப் பீங்கான் துண்டுகளும் கிடைத்துள்ளன. மரச்சட்டத்தில் ஆணியடித்து ஓடு வேய்ந்த கூரைகள் அவை என்பது ஆய்வாளர் கருத்து. கடல்கடந்த நாடுகளோடு தொடர்புகொண்டிருந்த அத்தலைநகருக்குப் பிற ஊர்களிலிருந்தும் மக்கள் வந்து சென்றிருப்பர் என்பதில் ஐயமில்லை.

அவர்கள் எங்கே தங்கினர்? சோழர் காலக் கல்வெட்டுகள் சாலை, மடம், சத்திரம், அம்பலம் எனப் பலவகை இடங்களைக் குறிக்கின்றன. வெளியூரிலிருந்து புதிதாக வரும் அந்தணரை அபூர்விகள் என்று சுட்டி, அவர்க்கு உணவளிக்க நிவந்தம் விட்ட கல்வெட்டுகள் பல. விருந்து என்ற தமிழ்ச்சொல்லின் பொருளும் அபூர்வி என்ற வடசொல்லின் பொருளும் புதியவர் என்பதில் ஒன்றுபடுகின்றன. ஆயினும் ஆற்றுப்படை கண்ட விருந்தினர் பாணரும் கூத்தரும் பொருநரும் ஆவர். கல்வெட்டு கண்ட அபூர்விகளோ பெரும்பாலும் ஒரு வருணத்தார். இவ்வேறுபாடு சிறியதன்று.

அத்தலைநகர் இன்று கோயிலும் மண்மேடும் சிற்றூர்களுமாகச் சிதறிக் கிடக்கிறது. உட்கோட்டை, மாளிகைமேடு, மெய்க்காவல்புத்தூர், ஆயுதக்களம், சுண்ணாம்புக்குழி என்னும் ஊர்ப்பெயர்களே பழைய நகரமைப்பின் எச்சங்களாக நிற்கின்றன. 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபொழுது, கோயிலின் சுற்றுமதிற் கற்கள் பெயர்த்துக்கொண்டு செல்லப்பட்டன. குடிகள் நீங்கிய நகரத்தின் கற்களைக் காப்பதற்கு அன்று ஆளில்லை. நகரம் என்பது கட்டடமா, குடியா என்ற வினாவுக்குக் கங்கைகொண்ட சோழபுரத்தின் வீழ்ச்சியைக் காட்டிலும் தெளிவான விடை வேண்டுவதில்லை.

பெருவழியும் சத்திரமும்

தலைநகரம் மறைந்த பின்னரும் வழிகள் மறையவில்லை. வடக்கிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழி வாலிகண்டபுரத்தையும் பெரம்பலூரையும் ஊடறுத்துச் செல்வது. 17ஆம் நூற்றாண்டில் அவ்வழியை ஒட்டி இரஞ்சன்குடிக் கோட்டை எழுந்தது. 1751ஆம் ஆண்டில் கருநாடக நவாபு உரிமைக்காகச் சந்தாசாகிபுக்கும் முகமதலிக்கும் மூண்ட போரின் ஒரு பகுதி இவ்விடத்தில்தான் நடந்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இருபுறமும் நின்றனர். வணிகரும் திருத்தலப் பயணியரும் நடந்த அதே வழியில் படைகளும் நடந்தன. பாதுகாப்பான இரவுத் தங்கல் என்பது அக்காலத்தில் எத்துணை அரிதாய் இருந்திருக்கும் என்பதை இது உணர்த்தும்.

இத்தேவையை உணர்ந்து செயற்பட்ட ஆட்சியாளருள் இருவரைக் குறிப்பிடல் தகும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருச்சிராப்பள்ளியையும் மதுரையையும் இருப்பிடமாகக் கொண்டு ஆண்ட இராணி மங்கம்மாள், சாலைகளும் சத்திரங்களும் அமைத்து மக்கள் நினைவில் நின்றவர். மதுரைப் புகைவண்டி நிலையத்தின் எதிரில் உள்ள மங்கம்மாள் சத்திரம் இன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. தஞ்சை மராட்டியர் காவிரிப் படுகையில் சத்திரங்கள் பலவற்றை நிறுவினர். அவற்றுக்குரிய நிலங்களின் பாதுகாப்பை வலியுறுத்தி இரண்டாம் சரபோசி மன்னர் 1801ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு எழுதிய கடிதம் சிறந்த வரலாற்று ஆவணம். அந்தணர் முதல் பறையர் ஈறாக வரும் எல்லார்க்கும் உணவு தரப்படுவதையும், சமைத்த சோற்றை உண்ணாதவர்க்கு அரிசியாகவே அளிக்கப்படுவதையும், ஆசிரியரும் மருத்துவரும் சத்திரத்தில் பணிபுரிவதையும் அவர் அதில் எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டிலேயே ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் எழுந்தது.

அயலூரில் தங்க நேரும் தமிழர் பொருட்டுத் தமிழரே அங்குச் சென்று இல்லம் அமைத்ததும் உண்டு. காசி மாநகரில் நாட்டுக்கோட்டை நகரத்தார் 1813ஆம் ஆண்டில் நிறுவிய சத்திரம் தமிழ்நாட்டுப் பயணியர்க்கு இரு நூற்றாண்டுகளாக இடந்தந்து வருகிறது. விசுவநாதர் கோயில் பூசைக்குரிய பொருள்களை நாள்தோறும் அங்கிருந்து எடுத்துச்செல்லும் கடமையையும் அது மேற்கொண்டுள்ளது. ஒரு பழம்பெரு நகரில் இடம் பெறுவோர் அந்நகரின் வாழ்வில் ஒரு பங்கை ஏற்க வேண்டும் என்ற கருத்து இங்கும் தொடர்கிறது.

உ.வே.சா. வாழ்ந்த ஊர்கள்

சத்திரம் இல்லாத சிற்றூர்களில் நடந்தது என்ன என்பதை அறிய இவ்வட்டாரத்துக்கு ஓர் அரிய சான்று உண்டு. அது உ.வே. சாமிநாதையரின் தன்வரலாறு. 1855இல் உத்தமதானபுரத்தில் பிறந்த அவர், இளமையின் பெரும்பகுதியைப் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளிலேயே கழித்தார். அவர் தந்தையார் வேங்கடசுப்பையர் உடையார்பாளையம் சமத்தான வித்துவானாகிய கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். ஊர் ஊராகச் சென்று இராமாயணக் கதை சொல்வதே அவர்தம் வாழ்க்கை. மகனுக்குத் தமிழ் கற்பிக்க வல்லார் எந்த ஊரில் உள்ளாரோ அந்த ஊருக்குக் குடும்பத்தோடு குடிபெயர்வதையும் அவர் வழக்கமாகக் கொண்டார்.

அவ்வாறுதான் அரியலூரில் சடகோபையங்காரும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரும் சாமிநாதையர்க்கு ஆசிரியராயினர். யாப்பருங்கலக்காரிகையை அவர்க்குக் கற்பித்தவர் செங்கணத்து விருத்தாசல ரெட்டியார். சங்க இலக்கியங்களை ஓலையிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த பெரும்பணியின் முதல் விதைகள் இவ்வூர்களில் விழுந்தவை. அக்குடும்பம் தங்க இடமும், அடுப்பெரிய அரிசியும் பருப்பும் விறகும் ஊரார் தந்தவை. அதற்கு ஈடாக அவர்கள் பெற்றவை மாலைநேர இராமாயணமும் இசையும். அக்காலத்தார் தங்குமிடத்தைச் ஜாகை என்றனர். ஜாகை கிடைத்தால் போதும், பிறவற்றை ஊர் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையே அந்த எளிய குடும்பத்தை ஊர் விட்டு ஊர் நடக்கச் செய்தது.

இவற்றை வெறும் தருமமாகக் கொள்ளலாகாது. இருபுறமும் கொடையும் கொள்ளலும் நிகழ்ந்தன. காசு கைம்மாறவில்லை என்பதே வேறுபாடு. குன்னத்தார்க்கும் செங்கணத்தார்க்கும் அச்சிறுவன் நாளை யாராவான் என்பது தெரியாது. தெரியாமலே இடந்தந்தனர். சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் புறநானூற்றையும் பிற்காலத்தில் பதிப்பித்துத் தந்தவர், மாதரியின் சிற்றிலைப் பற்றி எழுதப்பட்ட அடிகளை அச்சிட்டபொழுது, தாம் குடியிருந்த அவ்வூர்களை எண்ணாதிருந்திருப்பாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

திண்ணை ஏற இயலாதவர்

இப்பழமையைப் பாராட்டுவதோடு நின்றுவிடுதல் வரலாறு ஆகாது. திண்ணை எல்லார்க்கும் உரியதாய் இருக்கவில்லை. பல சத்திரங்கள் குறிப்பிட்ட சாதியார்க்கு மட்டுமே உரியவை. எல்லார்க்கும் உணவிட்ட சத்திரங்களிலும் இடம், பந்தி, அடுப்பு ஆகியவை பிரிந்தே இருந்தன. வேற்றூரான் எனினும் இன்னார் என அறியப்பட்டவர்க்கே குடிகளின் கதவு திறந்தது. அவ்வாறு அறியப்படுவதே சிலர்க்குத் தடையாயிற்று. கோவலன் தன் குலத்தைச் சொன்னால் மதுரை வணிகர் ஏற்பர் என்ற செய்தியிலேயே இதன் மறுபக்கமும் அடங்கியுள்ளது. சொல்லிக்கொள்ள இயலாத குலத்தவர் எங்கே போவர்?

பொதுச் சாலை, கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்தத் தடையில்லை என்ற தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் 1924ஆம் ஆண்டில் கொணர்ந்து நிறைவேற்றச் செய்தார். வழிச்செல்வோர் வரலாற்றில் எந்தச் சத்திரத் திறப்பினும் பெரிய நிகழ்ச்சி இது. இனி, காசு கொடுத்தால் கதவு திறக்குமா எனின், அதுவும் உறுதியில்லை. 1917ஆம் ஆண்டில் பரோடா நகருக்கு அரசுப் பணி ஏற்கச் சென்ற அம்பேத்கர், பார்சியர் விடுதியில் கட்டணம் செலுத்தியே தங்கினார். அவர் சாதி தெரிந்ததும் தடியேந்தியவர்களால் வெளியேற்றப்பட்டார். அந்நகரில் அவர்க்கு வேறு கூரை கிடைக்கவில்லை.

ஆயினும் கூலி கொண்டுவந்த விடுதலையைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது. பெயரையும் ஊரையும் எழுதிக் கையொப்பமிட்டு, அறைக்குரிய தொகையைச் செலுத்துபவர் எவர்க்கும் கடன்பட்டவர் அல்லர். எவர் திண்ணையிலும் குலங்கூறி நிற்க வேண்டியவரும் அல்லர். தனித்துப் பயணம் செய்யும் பெண்ணுக்கும், ஊரார் வினாக்களுக்கு அஞ்சுவோர்க்கும் விடுதி அறை ஒரு புகலிடம். குடி மறுத்ததைக் கூலி தந்த இடங்கள் உண்டு. இவ்வுண்மையை ஒப்புக்கொண்ட பின்னரே குடியின் பெருமையைப் பேசுதல் நேர்மையாகும்.

வாடகைக் காலம்

புகைவண்டி அரியலூருக்கு வந்தது. பெரம்பலூர் நகருக்கு வரவில்லை. இவ்வொரு வேறுபாட்டினால் இரண்டு ஊர்களின் தங்குமிடங்களும் வேறு வேறு வகையில் வளர்ந்தன. அரியலூரில் நிலையத்தை ஒட்டியும், பெரம்பலூரில் நெடுஞ்சாலையையும் பேருந்து நிலையத்தையும் ஒட்டியும் விடுதிகள் பெருகின. அரியலூர் மண்ணின் சுண்ணாம்புக்கல் மற்றொரு மாற்றத்தைக் கொணர்ந்தது. 1979ஆம் ஆண்டில் அரசுச் சிமெண்டு ஆலை அங்குத் தொடங்கப்பட்டது. தனியார் ஆலைகளும் தொடர்ந்தன. பொறியாளரும் தொழிலாளரும் பல மாவட்டங்களிலிருந்து வந்து வீடு தேடினர். 1995ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் மாவட்டமும், 2001இல் அதிலிருந்து அரியலூர் மாவட்டமும் பிரிந்தன. அரியலூர் 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. அரசு அலுவலரும், பெரம்பலூரைச் சுற்றி எழுந்த கல்லூரிகளின் மாணவரும் வாடகை வீட்டுத் தேவையை மேலும் பெருக்கினர்.

இவ்வாறு வந்தவர் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தங்கியவர்கள். பால்காரரையும் மளிகைக் கடைக்காரரையும் அறிந்தவர்கள். பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்தவர்கள். இவர்களைக் காக்கவே 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அதற்கு மாற்றாக 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்பிரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், எழுத்து வழி ஒப்பந்தத்தையும் பதிவையும் வற்புறுத்துகிறது. இரு சட்டங்களும் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் என்னும் இருவரையே முன்னிறுத்துகின்றன. வீட்டுக்கு அண்டையில் வாழும் தெருவார்க்கு இவ்வேற்பாட்டில் இடமில்லை.

சில நாட்களுக்கு எடுக்கும் அலங்கரித்த வீட்டில் பாதிப்புறுவோர் இத்தெருவாரே. வெனிசு நகரின் பழந்தீவில் 1951ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 1,75,000 பேர் குடியிருந்தனர். 2022இல் அத்தொகை 50,000க்கும் கீழே இறங்கிற்று. வேலைவாய்ப்பும் வெள்ளமும் தொடக்கக் காரணங்கள் எனினும், வீடுகள் பயணியர் தங்கலாக மாறியது அண்மைக்காலத்தில் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகிவிட்டது. பார்சிலோனா நகராட்சி, பயணியர்க்கு விடப்படும் ஏறத்தாழ 10,000 வீடுகளின் உரிமத்தை 2028க்குப் பின்னர் நீட்டிப்பதில்லை என்று 2024ஆம் ஆண்டில் அறிவித்தது. ஒரு மாத வாடகையை ஒரு வாரத்தில் ஈட்டித் தரும் வீட்டை ஆசிரியர்க்கோ தச்சர்க்கோ விடுவதற்கு உரிமையாளர் முன்வருவதில்லை. குடிகள் மெல்ல வெளியேறுகின்றனர். அடுத்து ரொட்டிக் கடையும் பள்ளியும் மூடப்படுகின்றன. எந்த வாழ்வைக் காண விருந்தினர் வந்தனரோ அவ்வாழ்வு அவர் வருகையாலேயே மறைகிறது. அண்மையில் உள்ள புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களிலும், செட்டிநாட்டு ஊர்களிலும் பழைய மாளிகைகள் விடுதிகளாகியுள்ளன. பாழடைந்து வீழ இருந்த வீடுகள் பல அதனால் பிழைத்தன என்பதையும் மறுத்தல் இயலாது. கூலி வீட்டைக் காத்தது. குடியைக் காத்ததா என்பதே கேள்வி.

செல்லியம்மன் விட்டுக்கொடுத்த இடம்

இக்கேள்விக்குப் பெரம்பலூர் வட்டாரத்து மக்கள் தமக்கே உரிய முறையில் ஒரு விடையைக் கதையாகச் சொல்லி வைத்துள்ளனர். பெரம்பலூருக்குத் தெற்கே சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில் உள்ளது. மதுரையை எரித்த கண்ணகியே சினந்தணியாமல் இங்கு வந்து காளியானாள் என்பது செவிவழிக் கதை. அவள் அவ்வூர்த் தெய்வமாகிய செல்லியம்மனிடம் ஓரிரவு தங்க இடங்கேட்டாள். தன்னை மந்திரவாதி ஒருவன் கட்டுப்படுத்தி வைத்திருப்பதைச் செல்லி சொன்னாள். வந்தவள் அவனை அழித்து அவளை விடுவித்தாள். நன்றி மிகுந்த செல்லி அவ்விடத்தையே விருந்தினர்க்கு விட்டுவிட்டுப் பெரியசாமி மலைக்குச் சென்றாள். ஆயின் ஒரு வேண்டுகோள் வைத்தாள். வழிபாட்டின் முதல் மரியாதை தனக்கு வரவேண்டும் என்பதே அது. அதன்படி மலையை நோக்கித் தீபங்காட்டிய பின்னரே மதுரகாளிக்கு வழிபாடு நிகழும் என்பர். கோயில் நடை திங்களும் வெள்ளியும் திறப்பதே வழக்கம்.

மதுரையில் மாதரியிடம் அடைக்கலமாக இருந்தவளே, இக்கதையில் மீண்டும் ஓரூர் வாயிலில் இடங்கேட்டு நிற்கிறாள். காப்பியத்தில் இடந்தந்தவள் அழிந்தாள். ஊர்க்கதையில் இடந்தந்தவள் விடுதலை பெற்றாள். விருந்தினர் நிலைத்தார், விருந்தளித்தவர் பெயர்ந்தார் என்பது வெனிசு நகரின் கதையும்தான். ஆனால் சிறுவாச்சூரில் பெயர்ந்தவரை ஊர் மறக்கவில்லை. இடம் யாருடையது என்பதை ஒவ்வொரு வழிபாட்டிலும் நினைவுகூர்ந்தே புதியவளை வணங்குகிறது.

கங்கைகொண்ட சோழபுரத்தைக் காண வருவோருள் பெரும்பாலோர் கும்பகோணத்திலோ தஞ்சையிலோ தங்கிப் பகலில் வந்து மீள்கின்றனர். மாலைவெயில் விமானத்தின் வளைந்த தோள்களில் இறங்குவதைக் கண்டபின் தங்குவதற்கு இவ்வூர்ப்பக்கத்தில் வீடுகள் எழுதல் நன்றே. அவை எவ்வகை வீடுகள் என்பதில்தான் கருத்து வேண்டும். நடுவண் அரசின் சுற்றுலாத் துறை வகுத்த இல்லத் தங்கல் திட்டம், உரிமையாளர் தம் குடும்பத்துடன் அதே வீட்டில் வாழ வேண்டும் எனவும், வாடகைக்கு விடும் அறைகள் ஆறுக்கு மிகலாகாது எனவும் விதித்துள்ளது. அலுவலக மொழியில் எழுதப்பட்ட இவ்விதி, குடிக்கூலி என்ற பழஞ்சொல்லின் பொருளையே வேறு சொற்களில் கூறுகிறது. உட்கோட்டையிலும் மெய்க்காவல்புத்தூரிலும் வாழும் உழவரும் கைவினைஞரும், எச்சாதியார் ஆயினும், தம் வீட்டின் ஓர் அறையை எச்சாதிப் பயணியர்க்கும் விடுவாராயின், அங்குக் கூலியும் இருக்கும், குடியும் இருக்கும். சத்திரத்தின் அறமும் விடுதியின் சமத்துவமும் அங்கே ஒருங்கே கூடும். வெளியூர்ப் பணம் அம்மனைகளை வாங்கி, ஆளில்லா வீடுகளாக்கிப் பூட்டும் திறவுகோலும் மட்டும் கைமாறச் செய்யுமாயின், ஆயிரம் ஆண்டுகட்கு முன் எழுந்த தலைநகரின் எஞ்சிய குடிகளும் நீங்குவர்.

ஒருமுறை குடிகள் நீங்கியபொழுது இவ்வூர் இழந்தது மதிற் கற்களை. அக்கற்கள் கீழணையில் இன்றும் தண்ணீரைத் தாங்கி நிற்கின்றன. இனி நீங்கினால் இழக்க இருப்பவை ஊர்ப்பெயர்களும், அவற்றைச் சொல்லிப் பொருள் விளக்கும் வாய்களுமே.